சாமி படம் போட்ட போர்டு

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகிற சாலையில், யாத்திரை பஸ்கள் டிபனுக்கு நிற்கிற ஊர் ஒன்று உண்டு. பேர் வேண்டாம். பேரைச் சொன்னால் நாளைக்கே நாலு பேர் கிளம்பி வந்து, எங்க ஊரைப் பற்றி எப்படி எழுதலாம் என்று மல்லுக்கு நிற்பார்கள். அதற்கெல்லாம் இங்கே தெம்பு கிடையாது. அந்த ஊர் முனிசிபாலிட்டியில் எர்னஸ்ட் என்று ஒருவர் வேலை பார்த்தார். கடைத்தெருவில் விதியை மீறி நீட்டிக்கொண்டிருக்கிற போர்டுகளைக் கழற்றுவது அவர் வேலை. ஊரில் அவருக்கு இருந்த மரியாதை எப்படிப்பட்டது என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

விதி என்னவோ சின்னக் குழந்தைக்கும் புரிகிற விதிதான். கடைக்கு முன்னால் சாக்கடை ஓடுகிறது. அதற்கு உள்பக்கம் கடைக்காரனுடையது, வெளிப்பக்கம் ஊருடையது. சுவரோடு ஒட்டி எத்தனை பெரிய போர்டு வேண்டுமானாலும் அடித்துக்கொள். சாக்கடையைத் தாண்டி ரோட்டுக்கு மேலே நீட்டாதே. வளைவில் வைத்து டிரைவர் கண்ணை மறைக்காதே. அவ்வளவுதான். கூரையில் மூட்டை முடிச்சு அடுக்கிக்கொண்டு வந்த பஸ் ஒன்று சோடாக் கடையின் தகரப் போர்டை இடித்து, அது ஒரு யாத்திரைக்காரர் தோளில் விழுந்து, அவர் திருப்பதிக்குப் போகாமலே ஊர் திரும்பிய பிறகு போட்ட விதி அது.

ஆனால் கடைக்காரன் பாட்டையும் கேட்க வேண்டும் அல்லவா? சுவரோடு ஒட்டின போர்டு பஸ்ஸுக்குள் இருப்பவன் கண்ணில் படவே படாது. வேலூரிலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் பசியோடு வருகிறவன், பஸ் வேகம் குறையும்போதே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து எந்தக் கடை என்று முடிவு செய்துவிடுவான். அதனால் ஒருத்தன் ஒரு முழம் நீட்டினால் பக்கத்துக் கடைக்காரன் இரண்டு முழம் நீட்டுவான். எர்னஸ்ட் ஏணியோடு போய்க் கழற்றுவார். அவர் தெரு முனை திரும்புவதற்குள் மறுபடி மாட்டிவிடுவார்கள். வருஷக்கணக்காக இதே கூத்து. யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லை. அவருக்கு முழங்கால்தான் போனது.

ஏணியின் அடியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் உண்டு, முனிகிருஷ்ணன். நகரிப் பக்கத்துத் தமிழன், எர்னஸ்ட்டைவிட ஏழெட்டு வயது சின்னவன். காலையில் ஏணியை ஆளுக்கு ஒரு முனை தூக்கிக்கொண்டு புறப்பட்டால், ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசி முடித்துத்தான் இறக்கி வைப்பார்கள். கோயில் பிரசாதத்தை யாராவது எர்னஸ்ட் கையில் கொடுத்தால் அவர் மறுக்க மாட்டார். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தெரு தாண்டியதும் முனிகிருஷ்ணனிடம் கொடுத்துவிடுவார். எர்னஸ்ட் தாத்தா காலத்திலிருந்து மிஷன் சபைக் குடும்பம், சித்தூர்க்காரர். பெருமாளைப் பார்க்கப் போகிறவர்களை நம்பிப் பிழைக்கிற ஊரில் இருபது வருஷம் இருந்தும், தான் வேதக்காரன் என்பது யார் கண்ணையும் உறுத்தாதபடி நடந்துகொண்டவர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வினை தாட்சாயணியின் டிபன் கடையில் ஆரம்பித்தது. தாட்சாயணிக்கு வாயும் பெரிது, மூளையும் பெரிது. ஒரு நாள் பழைய போர்டை எடுத்துவிட்டு, புதிதாக ஒன்றை ரோட்டுக்கு மேலே நீட்டி மாட்டினாள். மேலே முக்கால் பாகத்துக்கு நாமமும் சங்கு சக்கரமுமாகப் பெருமாள். கீழே சின்னதாக ‘டிபன் ரெடி’. எர்னஸ்ட்டும் முனிகிருஷ்ணனும் ஏணியோடு வந்தார்கள். முனிகிருஷ்ணன் அண்ணாந்து பார்த்தான். ஏணியைச் சுவரில் சாய்த்து, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

சாமியை எப்படிச் சும்மா கழற்றுவது? கற்பூரம் காட்டி உத்தரவு கேட்க வேண்டும், உத்தரவை அந்தப் போர்டுக்கு உடையவர்களே வாங்கிச் சொல்ல வேண்டும் என்று அவன் ஒரு முறையைச் சொன்னான். எந்த ஆகமத்தில் இருக்கிறது என்று எர்னஸ்ட் கேட்கவில்லை. அவர் கேட்கிற விஷயமா அது? முனிகிருஷ்ணன் கற்பூரம் ஏற்றினான். தாட்சாயணி கண்ணை மூடி நின்றாள். கண்ணைத் திறந்து, ஆடி மாசத்தில் வேண்டாம் என்று சாமி சொல்கிறார் என்றாள். ஆடி போனது, ஆவணியில் தேய்பிறை குறுக்கே வந்தது. அதற்கப்புறம் தை பிறக்கட்டும் என்றாள். போர்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

கடைத்தெரு என்ன குருட்டுத் தெருவா? இரண்டு வருஷத்துக்குள் பீடிக் கடையில் பெருமாள், சைக்கிள் கடையில் பெருமாள். சலூனில் பெருமாள் அபய ஹஸ்தம் காட்டினார், அந்தக் கைக்கு நேர் கீழே ‘கட்டிங் ஷேவிங்’. பஞ்சர் ஒட்டுகிற பாய்கூட ஒன்று வரைந்து மாட்டிவிட்டு, வியாபாரம் என்றால் நாலையும் பார்க்க வேண்டும் என்று எர்னஸ்ட்டுக்கே புத்தி சொன்னார். முனிகிருஷ்ணனின் சட்டைப் பையில் எப்போதும் கற்பூரம் இருந்தது. எந்தக் கடையிலும் உத்தரவு கிடைக்கவில்லை. எர்னஸ்ட்டும் வற்புறுத்தவில்லை. ‘கிறிஸ்தவன் சாமியைக் கழட்டிட்டான்’ என்று ஒரு சொல் கிளம்பினால் போதும், தன் கதை முடிந்தது என்று அவருக்குத் தெரியும். உள்ளுக்குள் அந்தப் பயம் எப்போதும் இருந்தது.

அப்புறம் எமர்ஜென்சி வந்தது. ஆபீசில் எல்லாரும் பத்து மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்ட காலம். ஓவர்சியராக நாகபூஷணம் என்று ஒருவர் புதிதாக வந்தார். கறாரான மனிதர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. கடைத்தெருவை ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு வந்து எர்னஸ்ட்டைக் கூப்பிட்டார். புரட்டாசிக் கூட்டம் வருவதற்குள் ரோட்டுக்கு மேலே ஒரு போர்டு தொங்கக் கூடாது என்றார். சாமி படம் இருக்கிறதே என்று எர்னஸ்ட் இழுத்தார். அதற்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன் என்றார் நாகபூஷணம். இத்தனை வருஷம் முனிகிருஷ்ணனைக் கேட்டுக் கேட்டுக் காரியத்தைக் கெடுத்துவிட்டார்களாம். கையில் இருக்கிற வழியை யாருமே பார்க்கவில்லையாம்.

“நீதான் வேதக்காரனாச்சே. உனக்கு என்ன தோஷம்?” என்றார், தெலுங்கில், ரொம்ப சாதாரணமாக.

எர்னஸ்ட் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார். எந்தச் சொல்லுக்குப் பயந்து இருபது வருஷம் ஒதுங்கி ஒதுங்கி நடந்தாரோ, அதையே வேலையாகக் கையில் கொடுத்துவிட்டார்கள். முடியாது என்று சொல்லத்தான் நினைத்தார். அதற்குள் நாகபூஷணம் அவர் நிற்கிற கோணலைப் பார்த்துவிட்டு, முழங்காலா என்று கேட்டார். தண்ணீர் டேங்க்கில் வால்வு திறக்கிற கிழவர் ரிட்டயர் ஆகப் போகிறார். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் திருப்பிவிட்டால் போதும், மற்ற நேரமெல்லாம் புங்கமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்ளலாம். இந்தத் தெருவை முடித்துக் கொடு, அந்த இடம் உனக்கு என்றார்.

எர்னஸ்ட்டுக்கு அந்த ஸ்டூல் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இனி ஏணி ஏறினால் கால் உனக்கு இல்லை என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒவ்வொரு படிக்கும் உள்ளே ஏதோ நறநற என்று அரைபட்டது. ஏறும்போதாவது பல்லைக் கடித்துக்கொள்ளலாம், இறங்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடும். சரி என்று சொல்லிவிட்டு வந்தார்.

சாயங்காலம் மனைவி கிருபாவதி முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே விஷயத்தைக் கேட்டாள்.

“காலுக்காக ஒத்துக்கினீங்களா?”

“காலுக்காகத்தான். வேற எதுக்கு?”

“அடிப்பாங்களா?”

“அடிச்சா வாங்கிக்கினு வரேன். அதோட ஏணி தொலைஞ்சுதுன்னு இருக்கும்” என்றார். அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய், வழக்கத்தைவிட நீளமாக ஜெபம் செய்தாள்.

மறுநாள் காலை முதலில் தாட்சாயணியின் கடை. வேண்டுமென்றேதான் அங்கே போனார். வருவது வரட்டும், பெரிய இடத்திலேயே வந்துவிட்டுப் போகட்டும் என்று. முனிகிருஷ்ணன் ஏணியைச் சாய்த்துவிட்டு, இதை மட்டும் தன்னால் பிடிக்க முடியாது என்று சொல்லி எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டான். எர்னஸ்ட் செருப்பைக் கழற்றினார். தெருவில் ஆள் சேர்ந்துவிட்டது. தோசை தின்றுகொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு வாசலுக்கு வந்தார்கள். ஆண்டவரே, கல்லை மட்டும் தலைக்கு விடாதேயும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார்.

தாட்சாயணி வெளியே வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

“நீயா கழட்டப் போற? அப்ப கழட்டுண்ணா. உனக்கு ஒண்ணும் ஆவாது. எங்காளுங்க தொட்டாத்தான் தோஷம்.”

அவ்வளவுதான். திட்டு இல்லை, கூச்சல் இல்லை. கூட்டத்தில் ஒருவர், ஆமாம், அதுவும் சரிதானே என்றார். தோசைக்காரர்கள் தோசைக்குத் திரும்பினார்கள். எர்னஸ்ட் நட்டைத் திருகிக்கொண்டிருந்தபோது கீழே தாட்சாயணி சட்னி இல்லை என்று யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். போர்டை இறக்கி வைத்தபோது அவள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எர்னஸ்ட்டுக்கு ஒரு டம்ளர் காபி கொண்டுவரச் சொன்னாள்.

அவருக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நாலு அடி வாங்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. இருபது வருஷமாக அவர் ஒருவரை ஒருவர் தெரிந்த ஊரில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். ஊர் அவரைப் பற்றி என்ன நினைத்தது என்பதை தாட்சாயணி ரொம்பப் பிரியமாகச் சொல்லிவிட்டாள். காபியைக் குடித்தார். நன்றாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் கடைக்காரர்களே கூப்பிட ஆரம்பித்தார்கள். விஷயம் என்னவென்றால் அவர்களும் அகப்பட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். வெயிலிலும் மழையிலும் பெயின்ட் உரிந்து, சலூன் பெருமாளுக்கு மூக்கைக் காணோம். பீடிக் கடைப் பெருமாள் மேல் காக்கை குடித்தனம் செய்தது. அப்படியே விடவும் பயம், இறக்கவும் பயம். இப்போது தோஷம் ஒட்டாத ஒரு கை கிடைத்துவிட்டது. எங்களுதையும் பாருங்க, எங்களுதையும் பாருங்க என்று பஞ்சர்க்கடை பாய் உட்பட எல்லாரும் தாங்கினார்கள். பாயிடம் மட்டும் எர்னஸ்ட், நீங்களே இறக்கினால் என்ன என்று கேட்டுவிட்டார். நான் மாட்டினவனாச்சே, இறக்கினால் பேசுவாங்க என்றார் பாய்.

கழற்றியதைக் கொண்டுபோய் வைக்க இடம் இல்லை. முனிசிபல் யார்டில் குப்பை வண்டிகள் நிற்கும், சாமியை அங்கே போட விடமாட்டேன் என்று வாட்ச்மேன் கேட்டைச் சாத்திவிட்டான். நாகபூஷணம் தன் வீட்டிலா வைத்துக்கொள்வார்? உன் வீட்டில் வை, உனக்குத்தான் ஒன்றும் இல்லையே என்றார். ஆகவே எர்னஸ்ட் வீட்டு முன்கூடத்தில் பெருமாள்கள் வரிசையாகச் சேர்ந்தார்கள். விக்கிரகம் ஆகாது என்று படித்து வளர்ந்த கிருபாவதி முதல் நாள் வாசலிலேயே மறித்தாள். பிறகு தன் பழைய புடவை ஒன்றைக் கொண்டுவந்து போர்த்தினாள். சபைப் பிள்ளைகள் ஜெபக் கூட்டத்துக்கு வந்தபோது ஒருத்தி அதன் மேல் கால் படுகிற மாதிரி உட்கார, “தள்ளி குந்து. அடுத்தவங்க சாமி அது” என்று அதட்டினாள். சித்தூரிலிருந்து பாதிரி ஐயர் வந்திருந்தார். புடவைக்குள் என்ன என்று கேட்டார். ஆபீஸ் சாமான் என்றார் எர்னஸ்ட். பாதிரியார் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக மூடினார். நன்றாக ஜெபியும் என்று மட்டும் சொன்னார்.

போர்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீடுகளிலிருந்தும் வந்தார்கள். கண்ணாடி உடைந்த படம், கரையான் அரித்த படம், செத்துப்போன மாமியார் கும்பிட்ட படம். எல்லாம் துணியில் சுற்றி அவர் வாசலில் வந்து இறங்கியது. எப்படியாவது ஏரியில் விட்டுவிடுங்க என்பார்கள். போகும்போது கையெடுத்துக் கும்பிடுவார்கள், அவரையா படத்தையா என்று தெரியாது. எர்னஸ்ட் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. திருப்பி அனுப்பப் பேச வேண்டும், பேச அலுப்பாக இருந்தது. அத்தனையையும் ஸ்டூலை நினைத்துக்கொண்டு பொறுத்தார்.

புரட்டாசி முதல் சனிக்கிழமைக்கு முந்தின நாள் தெரு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. பஸ்கள் தடையில்லாமல் போயின. எர்னஸ்ட் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனார். நாகபூஷணம் அவரை உட்காரச் சொன்னார். அந்த அறையில் அதுவரை யாரும் அவரை உட்காரச் சொன்னதில்லை.

நாகபூஷணம் சுற்றி வளைக்கவில்லை. இவ்வளவு சுத்தமாக, ஒரு சண்டை இல்லாமல் எந்த ஊரிலும் நடந்ததில்லை என்றார். அடுத்து பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற தெருக்கள், அப்புறம் கோயில் வளைவு. பலமனேர் ரோட்டில் ஒரு பஞ்சாயத்தில்கூடக் கேட்டிருக்கிறார்களாம்.

“மீரு லேகபோத்தே பனி ஜரகது” என்றார். நீ என்று கூப்பிட்டவர் மீரு என்றார். நீங்கள் இல்லாவிட்டால் வேலை நடக்காது என்றார்.

முழங்கால் என்று எர்னஸ்ட் ஆரம்பித்தார். நல்ல ஏணியாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றார் நாகபூஷணம், உண்மையான அக்கறையோடு. எர்னஸ்ட் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தார். வால்வு யாருக்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

வெளியே வராந்தாவில் ஏணி பக்கத்தில் முனிகிருஷ்ணன் நின்றுகொண்டிருந்தான். சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருந்தான், முகத்தைப் பார்க்கவில்லை.

“வால்வு எனக்குப் போட்டுட்டாங்கணா. இனிமே கற்பூரத்துக்கு வேலை இல்ல, நீ சும்மாதானே இருக்கன்னு சொல்லி ஆர்டர் குடுத்துட்டாரு. நானா கேக்கலண்ணா. சத்தியமா கேக்கல.”

எர்னஸ்ட்டுக்கு அவன் கேட்கவில்லை என்பது தெரியும். கோபப்பட யாராவது கிடைத்தால் நன்றாக இருக்கும் போல இருந்தது. யாரும் கிடைக்கவில்லை.

“ஏணிய யாரு புடிக்கறது?”

“திங்கக்கிழமை புது ஆளு வரான். சூளூர்பேட்டைக்காரன்” என்றான் முனிகிருஷ்ணன். பிறகு, ஆறுதல் சொல்கிறவனைப் போல, “பயப்படாதேண்ணா, அவனும் உங்காளுதான்” என்றான்.

எர்னஸ்ட் அவனையே பார்த்தார். ஒரு மூட்டை கற்பூரம் தீருமட்டும் கூடவே நடந்தவன். தன் பையிலிருந்து எத்தனை பிரசாதம் வாங்கித் தின்றிருப்பான். அவன் வாயிலிருந்தும் அது வந்துவிட்டது, அவனுக்கே தெரியாமல். அழ வேண்டும் போல இருந்தது. அதற்கும் அலுப்பாக இருந்தது.

அவர் ஏணியின் ஒரு முனையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். முனிகிருஷ்ணன் பழக்கத்தில் குனிந்து மறு முனையைத் தூக்கப் போனான்.

“வேணாம், வுடு” என்றார் எர்னஸ்ட். “தண்ணி தொறக்கற நேரமாச்சு. நீ போ.”